கடலோர வெயிலும் அளந்த ஒளியும்

தோல் நோய்ப் பிரிவில் மருத்துவர் "உங்களுக்கு லைட் வைக்கணும், வாரத்துக்கு மூணு தடவை வரணும்" என்று சொன்னதும், செங்கல்பட்டுப் பக்கத்து நோயாளியின் மனத்தில் இயல்பாக ஒரு கேள்வி எழும். "நாள் முழுக்க வெயில்லதானே கெடக்கறோம், அதுல சரியாகாதது அந்த லைட்டுல சரியாயிடுமா?" கொக்கிலமேட்டில் வலை உலர்த்துகிறவரும், திருக்கழுக்குன்றத்துப் பக்கம் நடவுக்குப் போகிறவரும் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் நோயாளியை லைட் ரூமுக்கு அனுப்பினால், நான்காவது தடவையோடு அவர் வருவதை நிறுத்திவிடுவார்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். மாமல்லபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் பன்னிரண்டரை பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல், மே மாத நண்பகலில் இந்தக் கரையில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் படி. உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். அதனால் பனை நிழலில் உட்கார்ந்திருப்பவர் மேலும் கதிர் விழும். பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

சிக்கல் அந்த ஒளியின் கலவையில் இருக்கிறது. தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் 95 சதவீதம்போல ஏ வகை, மிச்சம் பி வகை. 1981இல் அமெரிக்காவில் பாரிஷ், யானிக்கி என்ற இருவர், எந்த அலைநீளம் சோரியாசிஸ் என்ற செதில் படையைத் தணிக்கிறது என்று தனித்தனியாகச் சோதித்தார்கள். 290 நானோமீட்டரும் அதற்குக் கீழும் தோலைச் சுட்டுச் சிவக்க வைத்தனவே தவிர, படையைக் குறைக்கவில்லை. 304, 313 நானோமீட்டர் அலைகள், தோல் வேகுவதற்கு முன்பே வேலை செய்தன. இதை அடியொற்றி பிலிப்ஸ் நிறுவனம் 311 நானோமீட்டரை ஒட்டி மட்டும் ஒளிவிடும் குழல்விளக்கைச் செய்தது. டிஎல்-01 என்ற அந்தக் குழல்தான் இன்று 'நேரோபேண்ட் யுவிபி' என்று சொல்லப்படும் சிகிச்சையின் அடிப்படை.

நண்பகல் வெயிலில் இந்த 311ம் உண்டு. ஆனால் தோலைச் சுடும் அலைகளும், வெப்பமும், வியர்வையும் அதோடு சேர்ந்தே வருகின்றன. கரப்பான் (எக்சிமா) உள்ளவருக்கு வியர்வையே அரிப்பைக் கிளப்பிவிடும். கத்திரி வெயிலில் கால் மணி நேரம் நின்றவர் அன்றிரவு முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பது அதனால்தான். அப்படியானால் காலை இளவெயில்? சூரியன் சாய்ந்திருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியில் ஓசோன் பி வகைக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. இளவெயில் இதமாக இருப்பதற்கும், அதில் நமக்கு வேண்டிய அலை குறைவாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே. மருந்துப் புட்டியை அப்படியே வாயில் கவிழ்ப்பதற்கும் மூடியில் அளந்து குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் வெயிலுக்கும் விளக்குக்கும்.

ஒளியைப் பற்றி மேலே பேசுமுன் அரிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் அரிப்பைத்தான் மருத்துவம் நாள்பட்ட அரிப்பு என்கிறது. ஆனால் ஆறு மாதம் அரித்தாலும் லைட் தேவைப்படாத நோய்கள்தான் இங்கே அதிகம். வீட்டில் நாலு பேருக்கும் ராத்திரியில் அரித்தால், விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக இருந்தால், அது சிரங்குப் பூச்சி. பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசினால் தீரும். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டவட்டமாகப் படர்ந்தால் படர்தாமரை. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இதை முதலில் அடக்கி, பிறகு உடம்பு முழுக்கப் பரப்பி, பூஞ்சையின் அசல் முகமே தெரியாமல் ஆக்கிவிடுகிறது. இந்த இரண்டையும் விலக்காமல் யாரையும் ஒளிப்பெட்டிக்குள் நிறுத்துவது தவறு என்று நான் நினைக்கிறேன்.

ஒளியே எதிரியாக இருக்கும் நோயும் உண்டு. 1950களின் நடுவில் புனே பக்கத்தில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் செடி, இன்று தரிசு நிலம், ரயில் பாதை ஓரம் எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. அதன் உலர்ந்த துகள் காற்றில் வந்து முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் படியும். வருடக்கணக்காக ஒவ்வாமை நீடித்தால், சிலருக்குச் செடி கிட்டத்தில் இல்லாதபோதும் வெயில் பட்டாலே தோல் தடித்து அரிக்கும் நிலை வந்துவிடுகிறது. காட்டு வேலை செய்யும் நடுவயது ஆண்களிடம் இது அதிகம். "வெயில் பட்டா அரிக்குது" என்று ஒருவர் சொன்னால், அதைப் போகிறபோக்கில் கேட்டு விட்டுவிடக் கூடாது. அவருக்கு முழுக்கைச் சட்டையும், செடியிலிருந்து விலகலும், ஒட்டுப் பரிசோதனையும்தான் முதல் சிகிச்சை.

செங்கல்பட்டில் தோல் நோயைப் பற்றிப் பேசும்போது திருமணியைக் கடந்துபோக முடியாது. 1920களில் ஸ்காட்லாந்து திருச்சபை நடத்திய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை அங்கே உருவானது. ராபர்ட் காக்ரேன் அங்கிருந்துதான் தொழுநோய் சிகிச்சையை மாற்றி எழுதினார். 1947இல் அவரைப் பார்க்க வந்த வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் மடங்கிய விரல்களைப் பார்த்துவிட்டுத்தான் கை மறுசீரமைப்பு அறுவையில் இறங்கினார். 1955இல் மத்திய அரசு அந்த மருத்துவமனையைத் தன் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அந்த வரலாறு இந்த வட்டாரத்து மக்களுக்குப் பயனுள்ள ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உணர்ச்சியற்ற தேமல் என்றால் உடனே காட்ட வேண்டும். அதன் மறுபக்கமாக ஒரு துயரமும் வந்து சேர்ந்தது. செதில் உதிரும் சோரியாசிஸ்காரரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் விலகி உட்காருகிறார்கள். சோரியாசிஸ் தொற்றாது. அது அரிக்கும். தொழுநோய்த் தேமல் பெரும்பாலும் அரிக்காது, கிள்ளினாலும் தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டை ஊர் ஊராகச் சொன்னாலே பாதிப் பேருக்கு மனப் பாரம் குறையும்.

ஒளியை மருந்தாக்கிய நவீன வரலாறு கோபன்ஹேகனில் தொடங்குகிறது. நீல்ஸ் ஃபின்சன் 1896இல் அங்கே நிறுவிய நிலையத்தில், கார்பன் வில் விளக்கின் ஒளியைக் குவித்துத் தோல் காசநோயைக் குணப்படுத்தினார். 1903இல் நோபல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டே 43 வயதில் இறந்தார். காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் ஒளியும் காற்றும்தான் நம்பிக்கையாக இருந்தன. 1928இல் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியதும் அதே நம்பிக்கை நிலவிய காலத்தில்தான். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதே தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. சோரியாசிஸைச் சித்த மருத்துவம் காளாஞ்சகப் படை என்கிறது. அதற்குப் பேர்பெற்றது வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலையைக் கிள்ளி, தேங்காய் எண்ணெயில் மூழ்கவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் மொட்டைமாடி வெயிலில் சில நாள் வைப்பார்கள். எண்ணெய் மெல்ல மெல்ல ஊதா கலந்த கருநீலமாக மாறும். அதைப் படை மேல் தடவி, காலை வெயிலில் சற்று நேரம் இருக்கச் சொல்வது வழக்கம். எண்ணெய் செதிலை இளக்கும், வறட்சியைக் குறைக்கும். செதில் அகன்ற தோலில் ஒளி எளிதாக இறங்கும் என்பது நவீன மருத்துவமும் ஒத்துக்கொண்ட செய்தி. 1925இல் அமெரிக்க மருத்துவர் கேக்கர்மேன், தாரைப் பூசிப் புற ஊதா விளக்கு வைத்துச் சோரியாசிஸைத் தணித்ததும் கிட்டத்தட்ட இதே தடத்தில்தான்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசியின் கதை இதைவிட நீளம். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயிலில் காட்டும் முறை இந்திய வைத்தியத்தில் மிகப் பழையது. எகிப்தில் வேறொரு செடியின் விதையை இதே போலப் பயன்படுத்தினார்கள். இரண்டிலும் இருப்பது சோராலென் என்ற ஒளிக்கூச்சம் தரும் பொருள். 1940களில் எகிப்தில் அதைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தார்கள்; கெய்ரோவில் எல் மோஃப்டி அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1974இல் பாஸ்டனில் பாரிஷ், ஃபிட்ஸ்பேட்ரிக், இந்தியாவில் பிறந்த மதுகர் பாதக் ஆகியோர் அடங்கிய குழு, சோராலென் மாத்திரை கொடுத்து ஏ வகைக் கதிர் விளக்கில் நிறுத்திச் சோரியாசிஸ் மறைவதைக் காட்டியது. 'பூவா' என்று இன்றும் வழங்கும் முறை அது. விளக்கில்லாத ஊர்களில் அதே மாத்திரையோடு வெயிலில் நிற்கச் சொல்வதும் இந்தியாவில் நெடுநாள் நடந்தது. இந்தக் கரை வெயிலில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூவாவினால் வரும் சூடு அன்றைக்கே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முழுசாகக் கிளம்பும். வெயில்மானி இல்லாத வயல்வரப்பில் அதை யார் கணக்குப் போடுவது?

ஒளி பட்டதும் தோலுக்குள் என்னதான் நடக்கிறது? பி வகைக் கதிர் மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. அங்கே அழற்சியை ஊட்டிக்கொண்டிருக்கும் டி-செல்களை அது மடியச் செய்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களைக் குறைக்கிறது. அரிப்பு நோயாளியின் மேல்தோலுக்குள் அளவுமீறி முளைத்து நுழைந்திருக்கும் நரம்பு இழைகள் பின்வாங்குகின்றன. அரிப்பு குறைவது இதனால்தான் படை மறைவதற்கு முந்தியே சிலருக்குத் தெரிகிறது. "கறை போகல, ஆனா ராத்திரி தூக்கம் வருது" என்ற நிலை. வருடக்கணக்கில் தூங்காதவருக்கு அது சின்ன விஷயமா?

ஆதாரம் நோய்க்கு நோய் மாறுகிறது. சோரியாசிஸில் நேரோபேண்டின் பலன் உறுதியானது. கரப்பானில், 2001இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு அதை ஏ வகைக் கதிரோடும் வெறும் வெளிச்சத்தோடும் ஒப்பிட்டு, நேரோபேண்டே மேல் என்று காட்டியது. ஆனாலும் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த பின்னாளைய மதிப்பீடு, சான்றின் உறுதி குறைவு என்றுதான் சொல்கிறது. லைக்கன் பிளானஸ், கெட்டியான முடிச்சுகளாக எழும் புருரைகோ ஆகியவற்றிலும் பயன்படுத்துகிறார்கள், மற்ற மருந்துகளோடு சேர்த்து.

சிறுநீரகம் செயலிழந்தோரின் அரிப்பு தனியாகப் பேச வேண்டியது. டயாலிசிஸில் இருப்போரில் பலருக்குத் தோலில் ஒரு தடிப்புகூட இருக்காது. ஆனால் முதுகையும் காலையும் கிழித்துக்கொள்ளும் அளவுக்கு அரிக்கும். 1977இல் பார்பரா கில்கிரெஸ்ட்டும் சகாக்களும் பி வகைக் கதிர் அந்த அரிப்பைத் தணிப்பதாகக் காட்டினார்கள். பாதி உடம்புக்கு மட்டும் கதிர் கொடுத்தபோதும் மறு பாதியிலும் அரிப்பு குறைந்தது. தோலைக் கடந்து இரத்தத்தின் வழியாகவும் ஏதோ நடக்கிறது என்று அவர்கள் எண்ணியதற்குக் காரணம் அதுவே. 2011இல் தைவானிலிருந்து வந்த சிறிய நேரோபேண்ட் ஆய்வு ஒன்றில் கதிர் பெற்றவர்களுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரு குழுவிலுமே அரிப்பு குறைந்தது. ஆக முடிவு மூடப்படவில்லை. என் கருத்தில் இங்கே முயன்று பார்ப்பதே சரி. ஏனென்றால் அரிப்புக்குக் கொடுக்கும் பல மாத்திரைகளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. ஒளிக்கு அந்தத் தடை இல்லை.

லைட் ரூம் எப்படி இருக்கும் என்று தெரியாததாலேயே பயப்படுகிறவர்கள் உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர்களில் கதிர் என்றதும் கலங்குவது புரிந்துகொள்ளக்கூடியது. இது எக்ஸ்-ரே மாதிரியோ அணுக்கதிர் மாதிரியோ உடலை ஊடுருவுவதில்லை. ஆளுயரப் பெட்டி, உள்சுவர் முழுக்கக் குழல்விளக்கு, மேலே ஒரு விசிறி. துணியை நீக்கிவிட்டு, கருங்கண்ணாடி போட்டு, ஆண்கள் உறுப்பை மூடிக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். முதல் நாள் ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே முடிந்துவிடலாம். இந்தியத் தோலுக்குச் சில மையங்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 280 மில்லிஜூல் என்று தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 10 முதல் 20 சதவீதம் கூட்டுவார்கள். செவிலியர் அந்த எண்ணை அட்டையில் குறித்து வைப்பார். வெயிலிடம் இல்லாதது அந்த அட்டைதான்.

அட்டையை நிரப்புவதில் ஒரு நுட்பம் உண்டு. பாடப்புத்தகம் "சிவந்ததா?" என்று கேட்கச் சொல்கிறது. வெள்ளைத் தோலுக்கு எழுதியது அது. கறுத்த மேனியில் சிவப்பு கண்ணுக்குப் படாமலே வெந்துவிடும். அதனால் இங்கே கேட்க வேண்டியது வேறு: "நேத்து ராத்திரி எரிஞ்சுதா? சட்டை பட்டா வலிச்சுதா? தொட்டா சூடா இருந்துதா?" ஆம் என்றால் அன்றைக்கு அளவைக் கூட்டக் கூடாது. தோல் கறுப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில் அந்தக் கறுப்பு எவ்வளவு பெரிய பேச்சாகும் என்பது நமக்குத் தெரியும். நிறுத்திய சில மாதங்களில் அது தெளியும் என்பதையும் கூடவே சொன்னால் பாதியில் விட்டுப் போகமாட்டார்கள்.

புற்றுநோய்க் கேள்விக்குத் தரவு இருக்கிறது. 1975 முதல் அமெரிக்காவில் பின்தொடரப்பட்ட 1,380 பூவா நோயாளிகளிடம், சிகிச்சை எண்ணிக்கை கூடக் கூடத் தோல் புற்றுநோயும் கூடியது. நேரோபேண்டில் அப்படித் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் 3,867 பேரைப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வு குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. கறுத்த தோலுக்கு இயல்பிலேயே காப்பு அதிகம். கர்ப்பிணிக்குப் பூவா கூடாது. நேரோபேண்ட் கொடுக்கலாம், ஆனால் கதிர் இரத்தத்தில் ஃபோலேட்டைக் குறைக்கக்கூடும் என்பதால் ஃபோலிக் அமில மாத்திரையை விடக் கூடாது. லூபஸ் உள்ளவருக்கும், ஒளிக்கூச்சம் தரும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் முதலில் யோசனை தேவை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு, டாக்சிசைக்ளின் ஆகியவை அந்த வகை.

ஆன்லைனில் விற்கும் சிவப்பு, நீல எல்இடி முகமூடிகளை வாங்கிச் சோரியாசிஸுக்கு வைப்பது வீண் செலவு. கொரோனா காலத்தில் வந்த கிருமிநாசினி யுவி விளக்கை யாராவது தோலில் காட்டினால் அது ஆபத்தே. அது சி வகைக் கதிர், தோலையும் கண்ணையும் சுடும்.

புதிய ஊசிகளும் மாத்திரைகளும் வந்துவிட்ட காலத்தில் இந்த விளக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். அவற்றில் பல நோய் எதிர்ப்பைத் தாழ்த்துபவை. உடலில் உறங்கும் காசநோயைக் கிளப்பக்கூடும். காசநோய் இன்னும் அகலாத நாட்டில், அந்த ஆபத்து இல்லாத ஒரு சிகிச்சையைப் பழசு என்று தள்ளுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆனால் இந்தச் சிகிச்சை நோயாளியிடம் காலத்தைக் கேட்கிறது. வாரம் மூன்று தடவை, பத்துப் பன்னிரண்டு வாரம். நின்று வெளியே வர ஐந்து நிமிடம். செய்யூர்ப் பக்கத்திலிருந்து வந்து போக ஒரு நாள் கூலி. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும், தனியார் மருத்துவக் கல்லூரிகளில் பலவும் ஜிஎஸ்டி சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலுமே இருக்கின்றன. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர்போல. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பது தோல் நோயாளிகளுக்குக் கிடைத்த எதிர்பாராத உதவி. கூலி இழப்பை அது ஈடு செய்யாது.

2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு இந்த இடத்தில் முக்கியம். 783 சோரியாசிஸ் நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே விளக்கு, மீதிப் பேருக்கு மருத்துவமனை. பன்னிரண்டு வாரத்தில் தோல் தெளிந்தோ தெளியும் நிலைக்கு வந்தோ இருந்தவர்கள் வீட்டில் 32.8 சதவீதம், மருத்துவமனையில் 25.6. கறுத்த தோலிலும் வீட்டு விளக்கு சளைக்கவில்லை. காரணம் எளிது. வீட்டில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒழுங்காக விளக்கில் நின்றார்கள். மருத்துவமனைக்கு வர வேண்டியவர்களில் அப்படி வந்தவர்கள் 16 சதவீதம்தான்.

இதைச் செங்கல்பட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். டயாலிசிஸ் நோயாளி எப்படியும் வாரம் இரண்டு மூன்று நாள் மருத்துவமனைக்கு வருகிறார். டயாலிசிஸ் வார்டுக்குப் பக்கத்து அறையில் விளக்கு இருந்தால் அவருக்குத் தனிப் பயணமே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்வோருக்கான திரவப் பைகளைக்கூட வீடு தேடிக் கொடுக்கிறது. உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் படை உள்ளவருக்குக் கையடக்க விளக்கு ஒன்றை மூன்று மாதத்துக்கு இரவலாகக் கொடுத்து, அளவைச் செவிலியர் போனில் கேட்டுக் குறித்துக்கொள்வதை இதே வழியில் செய்ய முடியும். உடம்பு முழுக்கப் படை உள்ளவர்களுக்குத் தாலுகா மருத்துவமனைகளில் ஒரு ஆளுயரப் பெட்டி வேண்டும். அந்த அறை காலை ஓ.பி. நேரத்தில் மட்டும் திறந்தால் கூலிக்காரருக்குப் பயனில்லை. நடவு முடித்துக் கை கால் கழுவி வருகிறவருக்காக மாலை நான்கிலிருந்து ஏழு வரை அது திறந்திருக்க வேண்டும்.